சான்றுப் பொருள் ஏழின் பொருட்டு நிகழ்ந்த பெரும்போர்

வாழ்க நடுவுநிலையின் நாயகி! இருபத்தாறு ஆண்டுகள் கறுப்பங்கி பூண்டு, நீதிமன்றக் கூடங்கள் கிடுகிடுக்க எதிர்த்தரப்பைக் கடித்துக் குதறி, பின்னொரு நாள் அந்த அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டி, இனி எவர் பக்கமும் சாயேன், எவர்க்கும் புத்தி சொல்லேன், ஓர் அறையில் கேட்டதை மற்றோர் அறையில் அவிழ்க்கேன் என்று முச்சபதம் ஏற்றுச் சமரச மையத்தின் இரண்டாம் எண் அறைக்குள் வலக்கால் எடுத்து வைத்த மத்தியஸ்தர் அம்மையார் வாழ்க! அவர்தம் பொறுமை வாழ்க, பொறுமை தீரும் போதெல்லாம் அவர் திறந்து மூடும் தண்ணீர் பாட்டிலும் வாழ்க!

அவர் அன்று தாங்கி வந்த படைக்கலங்களைக் கேளீர். கைப்பையின் முதல் அறையில் ஒரே நிறமும் ஒரே நீளமும் கொண்ட இரண்டு பேனாக்கள். ஒன்றே ஒன்று இருந்தால் அதை முதலில் எடுப்பவன் தோற்றவன் ஆகிவிடுவான் என்பதை முன்னொரு போரில் பட்டு அறிந்தவர் அவர். இரண்டாம் அறையில் உப்பு பிஸ்கட், சினம் தலைக்கேறியவர் வாயை அடைப்பதற்கு. மூன்றாம் அறையில் தலைவலி மாத்திரை. அது தமக்கு.

களமோ பழங்கட்டடம். யானை மேல் யானை நின்று தும்பிக்கை தூக்கினாலும் தொடவொண்ணா உயரத்தில் கூரை. அக்கூரையினின்று தொங்கும் ஒற்றை டியூப்லைட் மூன்று திங்களாக எரிவதா அணைவதா என்று தன்னோடு தானே வழக்காடிக்கொண்டிருந்தது. அதன் கண்சிமிட்டலில் கட்சிக்காரர் முகங்கள் நொடிக்கொரு முறை பேய்முகங்களாகத் தோன்றி மறைவது கண்டு அம்மையார் ஐந்து முறை முறையிட்டிருந்தார். ஐந்து முறையும் மையத்தின் எழுத்தர் கோப்பிலிருந்து தலை நிமிராமலே, "எழுதிப் போட்டிருக்கு மேடம்" என்று திருவாய் மலர்ந்தருளினார். இரண்டாம் அறைக்கும் மூன்றாம் அறைக்கும் நடுவே இருந்தது மதிலன்று, ஒட்டுப்பலகைத் தடுப்பு. இங்கே தும்மினால் அங்கே கைக்குட்டை தேடுவார்கள்.

இனிப் பொருதும் வேந்தர் இருவரைப் பாடுவோம். ஒருவர் நாலுகண்ணர், மற்றவர் இருகண்ணர். பொத்தான் வணிகத்தில் நான்கு துளை உள்ளது நாலு கண், இரண்டு துளை உள்ளது ரெண்டு கண். மூத்தவர் மூக்குக்கண்ணாடி அணிந்தவர், இளையவர் அணியாதவர் என்பதால் கடைத்தெரு அவர்களுக்குச் சூட்டிய பட்டங்கள் இவை. நாலுகண்ணரின் உடன்பிறந்த தங்கையை மணந்தவர் இருகண்ணர். ஆகவே இவர் அவருக்கு மாப்பிள்ளை, அவர் இவருக்கு மச்சான். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே கல்லாவின் இரு பக்கமும் அமர்ந்து, ஒரே டம்ளர் தேநீரை இரண்டாகப் பகிர்ந்து, ஆயிரத்து நூற்றுப்பன்னிரண்டு இழுப்பறைகள் தரை தொட்டு விட்டம் வரை அடுக்கிய பொத்தான் கடையை நடத்தியவர்கள். உலகில் எந்தத் தையற்காரர் எந்தச் சட்டையில் எந்தப் பொத்தானைத் தொலைத்து வந்தாலும், அதன் உடன்பிறப்பைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தரும் ஆற்றல் படைத்தவர்கள்.

அத்தகையோர் ஏன் பிரிந்தனர் என்று கேட்பீர்கள். கோட்டுப் பொத்தானையும் சட்டைப் பொத்தானையும் ஒரே வரிசையில் வைப்பதா, வேறு வேறாக வைப்பதா என்று ஒரு முற்பகலில் எழுந்த கேள்வி, பிற்பகலில் வாக்குவாதமாகி, மறுவாரம் வக்கீல் நோட்டீஸாகி, அடுத்த மாதம் வழக்காகிக் கொழுந்துவிட்டது. கடைக்குப் பூட்டு விழுந்தது. சாவி நீதிமன்றத்தின் கைக்குப் போயிற்று. பதினான்கு மாதங்கள் ஓடின. அந்நாள் முதல் மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினாரல்லர். பேச வேண்டியதையெல்லாம் நடுவில் நின்ற அந்தத் தங்கையிடம் சொல்லியனுப்பினர். உங்க அண்ணன்கிட்ட சொல்லிடு என்று ஒரு வீட்டிலும், உன் புருஷன்கிட்ட கேட்டுப் பார் என்று மறுவீட்டிலும் ஏற்றிய சுமையைப் பதினான்கு மாதமும் இரு தெருக்களுக்கிடையே சுமந்து நடந்தாள் அவள்.

கட்டட உரிமையாளரோ, பூட்டிய கடையைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை இழந்து ஓலை விடுத்திருந்தார். அன்று மாலை ஐந்து மணிக்குள் சமரசம் கையெழுத்தாக வேண்டும். ஆகாவிட்டால் கோப்பு நீதிமன்றத்துக்குத் திரும்பும், அவரோ கடையைச் செல்போன் உறை விற்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடுவார். இழுப்பறைகளைப் பிடுங்கி வெளியே வைக்க ஆட்கள்கூடப் பேசியாயிற்று.

முரசு முழங்கவில்லை, எழுத்தர் மேசை மணி அடித்தார். போர் மூண்டது.

ஆகா, முதற்கட்டத்தின் மாட்சியை என்னென்பது! எதிரெதிரே அமர்ந்த வேந்தர் இருவரும் ஒருவரை ஒருவர் நோக்காது, தண்ணீர் பாட்டிலை நோக்கியவாறே, ஆயிரத்து நூற்றுப்பன்னிரண்டு இழுப்பறைகளையும் நாற்பது நிமிடத்தில் பங்கிட்டனர். சிப்பிப் பொத்தான் வலப்பக்கம், கொம்புப் பொத்தான் இடப்பக்கம், குழந்தைச் சட்டைக்குரிய வாத்துப் பொத்தான் ஆளுக்குப் பாதி. கடைக்கு நடுவே தடுப்பு, வாசல் பொது, பெயர்ப்பலகை பொது. பட்டியலை எழுதி எழுதி அம்மையாரின் விரல் சிவந்தது, நெஞ்சம் குளிர்ந்தது. பதினோரு மணிக்கே வீடு திரும்பிவிடலாம் போலும் என்று அவர் மனம் அடுப்பில் ஏற்றாத உலையை ஏற்றிக்கொண்டிருந்தது.

அப்போது வந்தது சான்றுப் பொருள் ஏழு.

அஃதோர் ஏணி. பதினான்கு படி கொண்ட தேக்கு ஏணி. கடையின் உச்சி இழுப்பறைகளுக்கு வழிகாட்டிய ஒற்றைத் துணை. வழக்குத் தொடுத்த நாளில் நாலுகண்ணர் தம் மனுவின் முதற்பத்தியிலேயே அதைக் கேட்டிருந்தார். இருகண்ணர் தம் எதிர்மனுவின் முதற்பத்தியிலேயே அதைக் கேட்டிருந்தார். இருவரும் அதைக் கேட்ட வேகத்தைக் கண்டு அஞ்சிய நீதிமன்றம், ஏணியைக் கடையினின்று பெயர்த்தெடுத்து, கழுத்தில் அட்டை கட்டி, அரக்கு முத்திரை இட்டு, இதனை எவரும் தொடலாகாது என ஆணையிட்டு, வைக்க இடமின்றிச் சமரச மையத்தின் வராந்தாச் சுவரில் சாய்த்துவைத்திருந்தது. பதினான்கு மாதமாக அது அங்கேயே, சிறைப்பட்ட பட்டத்து யானை போல, வருவோர் போவோர் தலையில் இடித்தபடி நின்றது.

ஏணி என்ற சொல் எழுந்ததும் நாலுகண்ணர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருகண்ணர் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். இரு கைகளும் மேசைமேல் ஒரே நேரத்தில் விழுந்தன. பாட்டில் துள்ளியது. ஏணி இன்றேல் எதுவும் இல்லை என்று ஒருவர் முழங்க, எதுவும் இல்லையேல் அதுவும் நன்றே என்று மற்றவர் முழங்க, பங்கிட்ட இழுப்பறைகள் அனைத்தும் ஒரு மூச்சில் பங்கற்றுப் போயின.

அம்மையார் போர்நெறி வழுவாமல் இருவரையும் பிரித்தார். நாலுகண்ணர் இரண்டாம் அறையில், இருகண்ணர் மூன்றாம் அறையில். இனித் தனித்தனியே கேட்பார். ஓர் அறையில் சொன்னது, சொன்னவர் அனுமதித்தாலன்றி மறு அறைக்குப் போகாது. இதுவே அவரது மூன்றாம் சபதம்.

இரண்டாம் அறையில் நாலுகண்ணர் ஒட்டுப்பலகையை ஒருமுறை பார்த்தார். நாற்காலியை நகர்த்தி நகர்த்தி அம்மையாரின் காதருகே வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், உண்மையச் சொல்லிடறேன். அந்த ஏணி எனக்கு வேண்டாம். மூணாவது படி ஆடுது. இந்த வயசுல அதுல ஏறினா நேரா ஆஸ்பத்திரிதான். எனக்கு வேண்டியது ஜன்னல் பக்கம். துணியோட நிறத்துக்குப் பொத்தான் சேருதான்னு வெயில்ல வச்சுப் பார்க்கணும், அதுக்கு ஜன்னல் இல்லாம ஆகாது."

பிறகு ஏன் ஏணியைக் கேட்டீர்கள் என்று அம்மையார் வினவியபோது, இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையே என்பது போல் அவர் பார்த்தார். அவர் உரைத்த வணிகநீதி இதுவே: சிப்பிப் பொத்தான் வேண்டுமென்றால் கை போக வேண்டியது கொம்புப் பொத்தான் பெட்டிக்கு. அரை மணி நேரம் கொம்புப் பொத்தான்மேல் உயிரையே வைத்திருப்பதாகக் காட்ட வேண்டும். விலை படியாமல் நெஞ்சு உடைய வேண்டும். எழுந்து இரண்டடி நடக்க வேண்டும். போகிற போக்கில், சரி, அந்தச் சிப்பியையாவது போட்டுக் கொடுங்க என்று கேட்டு வாங்க வேண்டும். வேண்டிய பொருளைக் கண்ணால் பார்த்தவன் கடைத்தெருவில் பிழைத்ததில்லை. அவ்வாறே அவர் ஏணியைக் கேட்டார்; தக்க தருணத்தில் நெஞ்சு உடைந்து அதை விட்டுக்கொடுத்து, ஜன்னலைக் கேட்டு வாங்குவார். ஆனால் மாப்பிள்ளைக்கு ஏணிமேல் இப்படியொரு வெறி இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு வெறி உள்ளவரிடம் அதைச் சும்மா விட்டுக்கொடுக்க மனம் வருமா? சொல்லி முடித்து, மாப்பிள்ளையிடம் இதில் ஒரு சொல்லும் போகக் கூடாது என்று இருமுறை கேட்டுக்கொண்டார்.

அம்மையார் எழுந்தார். வராந்தாவில் ஏணியைக் கடந்தார். மூன்றாம் அறைக்குள் நுழைந்தார்.

இருகண்ணர் நாற்காலியை நகர்த்தி நகர்த்திக் காதருகே வந்தார்.

"மேடம், நமக்குள்ள இருக்கட்டும். ஏணி யாருக்கு வேணும்? எனக்கு வேண்டியது கடை போன் நம்பர். ஊருல இருக்கற அத்தனை டெய்லரும் அந்த நம்பர மனப்பாடமா வச்சிருக்காங்க. மச்சானுக்கு ஏணின்னா உயிரு, பார்த்தீங்களா எப்படிக் கத்தறாருன்னு. அவர் உயிரக் கையில புடிச்சாதானே நம்பரு நம்ம கைக்கு வரும்?"

இதனை மறுபக்கம் சொல்லலாமா என்று கேட்டதற்கு, இருகண்ணர் இரு காதுகளையும் தொட்டுக் கும்பிட்டார். சொன்னால் வியாபாரமே போச்சு என்றார்.

கேளீர், கேளீர்! கடலுண்டு கருவுற்ற கார்மேகம் இடியை அடக்கி நிற்பது போலவும், மதம் பிடித்த களிறு பூங்கொடியால் கட்டுண்டு நிற்பது போலவும், தும்மல் வந்தவர் தும்மலை விழுங்கி நிற்பது போலவும் நின்றார் நம் நாயகி. ஒருவருக்கும் வேண்டாத ஏணியின் பொருட்டு ஒரு கடை அழியப் போவதை அந்தக் கட்டடத்தில் அறிந்த ஒரே உயிர் அவர். அதைச் சொல்ல ஒரே வாக்கியம் போதும். அந்த வாக்கியம் தொண்டைக்கும் நாவுக்கும் நடுவே நின்று கதவைத் தட்டிற்று. இருபத்தாறு ஆண்டு வக்கீலாக இருந்த நாக்கு அது. சும்மா இருந்து பழகியதில்லை. அவர் பாட்டிலைத் திறந்தார், மூடினார். மாத்திரையை எடுத்தார். பிஸ்கட்டைத் தாமே தின்றார்.

இரண்டாம் சுற்று. ஏணியைத் தவிர வேறென்ன முக்கியம் என்று வெளிப்படையாகப் பேசிப் பார்க்கலாமே என இரு அறைகளிலும் கேட்டார். இரு அறைகளிலும் ஒரே விடை: முதலில் அந்தப் பக்கம் இறங்கட்டும். மூன்றாம் சுற்று. பகல் உணவு வந்து போயிற்று. நான்காம் சுற்றில் நாலுகண்ணர் தம் நடிப்பின் சிகரம் தொட்டு, ஏணியின் பழம்பெருமையைத் தடுப்புக்கு அப்பால் கேட்கும்படி உரக்கப் பாடினார். அதைக் கேட்ட இருகண்ணர், மச்சானின் ஆசை முற்றுகிறது என்று மகிழ்ந்து, அதனினும் உரக்கப் பாடினார். அந்த ஏணி பிறந்த காட்டையும் அதை இழைத்த தச்சரின் கைவண்ணத்தையும் இருவரும் மாறி மாறிப் புகழ்ந்த புகழில், உள்ளே நுழைந்த எழுத்தர் வராந்தாவுக்குத் திரும்பி அந்த ஏணியைப் புதிய மரியாதையோடு பார்த்துவிட்டு வந்தார். டியூப்லைட் படபடத்தது. மணி நான்கு அடித்தது.

தோல்வியின் வாயிலில் நின்ற அம்மையார் காற்று வாங்க வராந்தாவுக்கு வந்தார். ஏணிக்கு அருகே, பெஞ்சில், காலை பத்து மணியிலிருந்து ஒரு பெண்மணி அமர்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. ஒவ்வொரு சுற்றிலும் அவளைக் கடந்தே அம்மையார் நடந்திருந்தார். யாருடைய கட்சியிலும் பெயர் இல்லாதவள் ஆகையால் கேட்டாரில்லை. இப்போது கேட்டார். அவள் தான் உள்ளே இருக்கும் ஒருவரின் தங்கை, மற்றவரின் மனைவி என்றாள்.

"சாவி குடுப்பாங்கன்னு வந்தேன்" என்றாள். "கடைக்குள்ள பதினாலு மாசத் தூசி இருக்கும். இன்னைக்குச் சாவி கைக்கு வந்தாதான் காலைல போய்க் கூட்ட முடியும்."

வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொல்லும் ஒருவரைக் கண்டதும் அம்மையாரின் நெஞ்சில் ஒரு விளக்கு, படபடக்காத விளக்கு, எரிந்தது. ஆயினும் அவர் அவளிடம் எதுவும் சொல்லவில்லை, எதுவும் துருவவில்லை. நேரே இரண்டு அறைகளுக்கும் சென்று, கடையை அறிந்த ஒருவராக அந்தப் பெண்மணியையும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார். என் தங்கை எனக்காகத்தான் பேசுவாள் என்று ஒருவர் இசைந்தார். என் வீட்டுக்காரி எனக்காகத்தான் பேசுவாள் என்று மற்றவர் இசைந்தார்.

நால்வரும் அமர்ந்தனர். மணி நான்கு இருபது. மன்றம் மூச்சடக்கியது. நடுவுநிலையின் நாயகி, சாயாத கழுத்தோடு, தம் வாழ்நாளின் மிகச் சாதாரணமான கேள்வியைத் தொடுத்தார்: இன்று கையெழுத்தானால் கடையை எப்போது திறக்க முடியும்?

அவள் யோசிக்கவேயில்லை.

"நாளைக்குச் சாயங்காலமே திறக்கலாம் மேடம். இவரோட புது ஏணி எங்க கட்டிலுக்கு அடியில கிடக்கு. அண்ணனோட புது ஏணி அவங்க பீரோவுக்குப் பின்னாடி நிக்குது. ரெண்டும் மடக்கற ஏணி, லேசா இருக்கு. காலைல நான் கூட்டி முடிச்சதும் தூக்கிட்டு வந்துட்டா ஆச்சு."

பதினான்கு மாதம் கட்டிய கோட்டை, அகழி, கொத்தளம் யாவும் ஒரு பெண் பெருக்கிக் குவித்த தூசியாய் அடங்கின. நாலுகண்ணர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மீண்டும் கழற்றினார். இருகண்ணர் கழுத்துப் பொத்தானை அவிழ்த்தார். பதினான்கு மாதத்தில் முதன்முறையாக, தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர்.

"எத்தனை படி மாப்பிள்ளை?"

"எட்டு. உங்களது?"

"எட்டுதான். ஸ்டூல் போட்டுதான் ஏறணும் போல." நாலுகண்ணர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்ப உனக்கு என்னதான்யா வேணும்?"

இந்தக் கேள்வியை அவர்களுள் ஒருவரும் பதினான்கு மாதமாக மற்றவரிடம் கேட்டிருக்கவில்லை. வேண்டிய பொருளைப் பார்த்து வேண்டும் என்று சொல்லும் கலையை இருவரும் குழந்தைப் பருவத்திலேயே மறந்தவர்கள். இருகண்ணர் வாய் திறக்கப் பட்ட பாட்டை எழுத ஏடு போதாது. வியர்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். கடைசியில் போன் நம்பர் என்றார், களவை ஒப்புக்கொள்பவர் குரலில். ஜன்னல் என்றார் நாலுகண்ணர், அதனினும் மெல்லிய குரலில். இவ்வளவுதானா என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டனர். விலை மிகக் குறைவாகப் படிந்துவிட்டதில் இருவருக்குமே ஒரு வருத்தம்.

போர் ஓய்ந்தது என்று எண்ணினீரோ? இல்லை, இல்லை! இப்போதுதான் அதன் கொடிய கட்டம் பிறந்தது. தேக்கு ஏணி இன்னும் எவருக்கும் உரியதாகவில்லை. நீங்களே வச்சுக்கோங்க மச்சான் என்று இருகண்ணர் கொடைவாள் உருவினார். பெரியவன் நான் குடுக்கறேன், நீ வாங்கிக்க என்று நாலுகண்ணர் அதனினும் நீண்ட வாள் உருவினார். ஆடும் மூன்றாம் படியையும் அதைக் கொண்டுபோக வேண்டிய வண்டியையும் மனத்தில் கொண்டு, கொடையின் மேல் கொடை பொழிந்து, மறுப்பின் மேல் மறுப்பு எறிந்து, அன்பின் பெயரால் அவ்விருவரும் மோதிய மோதலில் மேசை மீண்டும் அதிர்ந்தது, பாட்டில் மீண்டும் துள்ளியது. மணி நான்கு நாற்பத்தைந்து. நீங்க வாங்கலைன்னா நான் கையெழுத்தே போட மாட்டேன் என்ற சபதம் ஒரு பக்கத்திலிருந்து எழுந்தேவிட்டது.

அந்தத் தங்கை எழுந்து நின்றாள்.

"ஏணி எங்க நிக்குதோ அங்கேயே நிக்கட்டும். ரெண்டு பேருக்கும் இல்ல. எழுதிக்கோங்க மேடம்."

பதினான்கு மாதம் இரு வீட்டுச் சொற்களைச் சுமந்தவள் முதன்முதலாகத் தன் சொல்லைச் சொன்னாள். கொடைவாள்கள் தாழ்ந்தன. அம்மையார் இருவர் முகத்தையும் பார்த்து, சம்மதமா என்று தனித்தனியே கேட்டு, தலைகள் அசைந்த பின்னரே எழுதினார்: சான்றுப் பொருள் ஏழாகிய ஏணியின் மீது இரு தரப்பாருக்கும் எவ்வித உரிமையும் வேண்டியதில்லை, நீதிமன்றம் இசைந்தால் அது இம்மையத்துக்கே ஆகுக. ஒரே நிறப் பேனாக்கள் இரண்டும் உறையினின்று வெளிப்பட்டன. ஒப்பந்தத்தின் இரண்டு பிரதிகள், இரண்டு பேனாக்கள், ஒரே நொடி. எவர் முந்தினார் என்பதை வானவரும் அறியார். ஏனெனில் அந்த நொடியில் டியூப்லைட் அணைந்திருந்தது. மணி நான்கு ஐம்பத்திரண்டு. எழுத்தர் ஒப்பந்தத்தை நீதிபதியின் அறைக்குக் கொண்டோடி, முத்திரையோடும் கடைச் சாவியோடும் திரும்பினார். சாவி அந்தப் பெண்மணியின் துணிப்பைக்குள் விழுந்த ஒலி, வெற்றிச்சங்கம் ஆயிரம் முழங்கியது போல் அம்மையாரின் செவியில் இனித்தது. மூவரும் வராந்தாவில் நடந்தபோது, மச்சானும் மாப்பிள்ளையும் கோட்டுப் பொத்தான் எந்த வரிசைக்கு என்று மறுபடி தொடங்கியிருந்தனர். நடுவே நடந்தவளோ, அதை நீங்களே நேரா பேசிக்கோங்க என்று சொல்லி, இருவரையும் பின்னால் விட்டு முன்னே போனாள்.

எழுக, எதிர்காலப் புலவர்களே! பதினான்கு படிகளும் பதினான்கு மாதங்களும் பூண்டு நின்ற அந்தத் தேக்கு மாமலையைப் பாடுங்கள். அரக்கு முத்திரை உடைபட, கழுத்தட்டை அவிழ, சிறை நீங்கி எழுந்த அதன் பேராண்மையைப் பரவுங்கள். வேந்தர் இருவர் உயிரெனப் புகழ்ந்தும் ஒருவரும் கைக்கொள்ளாத அந்தச் சான்றுப் பொருள் ஏழு, எந்தக் கோட்டையின் எந்த மதிலேறப் போயிற்று, எந்த வானின் எந்த விண்மீனைத் தொடப் போயிற்று என்று உலகோர் வியந்து வினவும் நாளில், விடையாக இதனைச் சொல்லுங்கள்.

மறுநாள் எழுத்தர் அதில் ஏறி டியூப்லைட்டை மாற்றினார்.